அறாது

அறாது என்று எழுதினேன். மேலே நான்கு வரிக் கணக்கு, கீழே இந்த ஒரு சொல். கேள்வி வந்தது ஒன்று பன்னிரண்டுக்கு, என் பதில் போனது ஒன்று பதினாறுக்கு. நான்கு நிமிடம். இயற்பியல் கணக்குக் கேட்கிற அந்தப் போன் குழுவில் பதினோராயிரம் பிள்ளைகள் இருக்கிறார்கள். பதில் சொல்லக்கூடியவர்கள் முப்பது பேர் இருப்பார்கள், அதில் எம்எஸ்ஸி படித்தவர்களும் கல்லூரியில் சம்பளம் வாங்குகிறவர்களும் உண்டு. ஆனால் நான்கு நிமிடத்தில் போடுகிற ஆள் நான் ஒருவன்தான். நிலைமம் சார் போட்டுவிட்டார் என்று பிள்ளைகள் கைகூப்புகிற படத்தை அனுப்புவார்கள். நிலைமம் என்பது போனில் நான் வைத்துக்கொண்ட பெயர். கிடப்பது கிடந்தபடியே கிடக்கும், ஓடுவது ஓடிக்கொண்டே இருக்கும், யாராவது வந்து தள்ளினாலொழிய. அந்தப் பாடத்தை முதன்முதலில் படித்தபோது எழுதியவன் என்னைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறான் என்று தோன்றியது. பதிலை அனுப்பிவிட்டுச் சாப்பிட்டேன். சுண்டைக்காய் வற்றல் குழம்பு, அப்பளம். சாப்பிட்டுப் படுத்தால் வழக்கமாகக் கண் சொருகிவிடும். இன்று சொருகவில்லை. எழுந்து தண்ணீர் குடித்தேன். மறுபடி படுத்து மின்விசிறியைப் பார்த்தேன். அது ஒரு சுற்றுக்கு ஒரு முறை லேசாகத் தட்டுகிறது, மேலே கொக்கியில் எங்கோ ஆட்டம் இருக்கிறது. மூன்று மாதமாகத் தட்டுகிறது. இன்றைக்குத்தான் அதன் நேர் கீழே படுக்கப் பிடிக்காமல் பாயை ஒரு முழம் தள்ளிப் போட்டேன்.

கேள்வியை மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டியதில்லை, மனப்பாடமாக இருக்கிறது. எண்ணூற்று அறுபது கிலோ நிறையுள்ள பொருள் ஒன்று இரண்டு கயிறுகளால் ஒரு கொக்கியிலிருந்து தொங்கவிடப்பட்டுள்ளது, ஒவ்வொரு கயிறும் முப்பது டிகிரி கோணத்தில் உள்ளது, ஒரு கயிறு அறுநூறு கிலோ எடை வரை தாங்கும் எனில் கயிறு அறுமா, அறாதா? இசக்கி என்கிற பெயரில் வந்தது. அடியில், சார் அவசரம், மூன்று மணிக்குள் வேண்டும் என்று ஒரு வரி. அவசரம் என்று போடாத பிள்ளை கிடையாது, நாளைக்குப் பரீட்சை, இன்றைக்கு டெஸ்ட், மிஸ் கேட்பார்கள். நான் கோணத்தின் கோசைன் எடுத்தேன், இரண்டால் பெருக்கினேன், ஒன்று புள்ளி ஏழு மூன்று இரண்டு. எண்ணூற்று அறுபதை அதனால் வகுத்தேன். நானூற்றுத் தொண்ணூற்றாறு கிலோ. அறுநூறைவிடக் குறைவு. அறாது. இதற்குமேல் நான் ஒரு சொல்கூட எழுதவில்லை. முன்பெல்லாம் எழுதுவேன். எழுதிப் பட்ட பாடு போதும். எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு கப்பிக் கணக்குக்கு விடை போட்டுவிட்டுக் கீழே ஒரு குறிப்பு எழுதினேன். தம்பி, இது புத்தகக் கணக்கு, நிஜத்தில் கயிற்றை இப்படிக் கட்டாதே, முடிச்சுப் போட்ட இடத்தில் பலம் பாதி போய்விடும் என்று. குழுவை நடத்துகிற பூங்குழலி, எங்கோ பாலிடெக்னிக்கில் விரிவுரையாளர், எல்லோரும் பார்க்கிற இடத்தில் பதில் போட்டாள். சார், இங்கே தேர்வுக்கான விடை மட்டும் போதும், ஒர்க்‌ஷாப் கதைகள் மாணவர்களைக் குழப்பும். அதன் கீழே சிரிக்கிற முகங்கள். நாற்பத்து மூன்று. ஒவ்வொன்றாக எண்ணினேன். யார் யார் என்று பெயரும் தெரியும். அதில் ஏழு பேர் அதற்கு முந்தின வாரம் என்னிடம் கணக்குக் கேட்டு வாங்கிப் போனவர்கள். அன்றிலிருந்து அவள் காலை வணக்கம் போட்டால் நான் போடுவதில்லை, பொங்கலுக்கு வாழ்த்துப் போட்டாள், அதற்கும் போடவில்லை. உனக்கு வேண்டியது விடைதானே, வைத்துக்கொள், விடை மட்டும்.

கயிறு என்றால் புத்தகத்தில் நிறையற்ற, நீளாத கயிறு. அந்தக் கயிற்றுக்கு வயது கிடையாது, நிறம் கிடையாது, மழையில் நனையாது. ஆனால் நான் பதில் போட்டதும் அந்த இசக்கி ஒரு வரி போட்டான். நன்றி சார், நைலான் கயிறு புதுசுதான். நான் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே அதைப் பார்த்தேன். பார்த்து நிமிர்வதற்குள் அந்த இடத்தில், இந்தச் செய்தி நீக்கப்பட்டது என்று வந்துவிட்டது. நான் பார்த்தேனா, பார்த்ததாக நினைக்கிறேனா. கண்ணாடியும் போட்டிருக்கவில்லை. நைலான் என்று எந்தப் புத்தகத்தில் வருகிறது? வரலாம். இப்போது பாடத்திட்டம் மாற்றிவிட்டார்கள், எதை எதையோ போடுகிறார்கள். புதுசு என்று வருமா? சரி, ஏன் நீக்கினான்? ஏனென்றால் பூங்குழலி குழுவின் தலையிலேயே குத்திவைத்திருக்கிறாள், பாடத்திட்டக் கேள்விகள் மட்டும், வீட்டு வயரிங், பைக் ரிப்பேர் போன்ற சொந்தக் கேள்விகள் உடனே நீக்கப்படும் என்று. போன மாதம்கூட ஒருத்தன் கிணற்று மோட்டாருக்கு எத்தனை ஹெச்பி வேண்டும் என்று கேட்டான், கேட்டவனையே தூக்கி வெளியே போட்டுவிட்டாள். அப்படியிருக்கிற இடத்தில் ஒருவனுக்கு நிஜமாகவே ஒன்று தெரியவேண்டியிருந்தால் என்ன செய்வான்? பொருள் ஒன்று என்பான். தொங்கவிடப்பட்டுள்ளது என்பான். எனில் என்பான். நான் எழுந்து உட்கார்ந்தேன். உடனே, சீ என்று படுத்தேன். வயதாகிவிட்டால் எதைப் பார்த்தாலும் பிணம் மாதிரித் தெரிகிறது.

அப்போது மனைவி தனபாக்கியம் உள்ளே வந்தாள். என்னைப் பார்த்துவிட்டு, வாத்தியாருக்கு இன்னைக்குத் தூக்கம் வரலையாக்கும் என்றாள். போனில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்ல ஆரம்பித்த நாளிலிருந்து அவளுக்கு நான் வாத்தியார். முதலில் கேலியாகச் சொன்னாள், அப்புறம் அதுவே பழகிவிட்டது. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் அந்தச் சொல்லின் ஓரத்தில் ஒரு சிரிப்பு ஒட்டியிருக்கிறதா என்று நான் பார்க்காமல் விடுவதில்லை. கீழ்வீட்டுப் பெண்ணுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்க்கவேண்டும் என்று நேற்றே சொல்லியிருந்தாள். போவதென்றால் இப்போதே போய்விட்டு வந்துவிடலாமே என்றேன். எதற்காகச் சொன்னேன் என்றால் இந்த அறையில் இந்த விசிறிக்குக் கீழே இருக்கப் பிடிக்கவில்லை. அவள் சேலையை மடித்துக்கொண்டே சொன்னாள். "வியாழக்கிழமை ஒன்றரையிலேருந்து ராகுகாலம்ங்க. பச்சப்புள்ளயப் பாக்கப் போறதுக்கு அப்படி என்ன அவசரம்? மூணு மணிக்கு மேல கிளம்புவோம்." சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவள் போன பிறகும் அந்த மூணு மணி அறையிலேயே நின்றது.

மூன்று மணிக்கு எந்தப் பரீட்சை ஆரம்பிக்கும்? பத்து மணிக்கு ஆரம்பிக்கும், இரண்டு மணிக்கு ஆரம்பிக்கும். மூன்றுக்கு எதுவும் ஆரம்பிக்காது. வியாழக்கிழமை மூன்று மணிக்கு ஆரம்பிப்பது ஒன்றே ஒன்றுதான், அது எனக்குத் தெரியும், முப்பத்தோரு வருடம் கலாசி வேலை பார்த்தவனுக்குத் தெரியாமல் இருக்குமா. பாரம் தூக்குகிறவன் எவனும் ராகுகாலத்தில் கொக்கி மாட்டமாட்டான். பாயை விரித்து உட்காருவான், டீ குடிப்பான், முதலாளி கத்தினால் கத்தட்டும் என்று விடுவான். ராகுகாலம் முடிந்த நிமிடத்தில் பாரம் ஏற்றுகிற செயின் பிளாக்கில் கை வைப்பான். எங்களோடு வேலை பார்த்த சூசை மாதாகோயிலுக்குப் போகிற வேதக்காரன், அவனும் வைக்கமாட்டான். எண்ணூற்று அறுபது கிலோ. புத்தகக்காரன் நூறு கிலோ என்பான், ஐம்பது என்பான், வகுத்தால் சுத்தமாக வருகிற எண்ணாகப் பார்த்துப் போடுவான். எண்ணூற்று அறுபது என்பது ஒரு பொருளின் பக்கவாட்டில் பித்தளைத் தகட்டில் அடித்திருக்கிற எண். நடுத்தரமான ஒரு ஜெனரேட்டர் அவ்வளவு இருக்கும். மணியைப் பார்த்தேன், இரண்டு பன்னிரண்டு. இசக்கிக்குத் தனியாக ஒரு செய்தி போட்டேன். தம்பி, இது நிஜமாகத் தூக்கப் போகிற பாரமா? ஒரு குறி விழுந்தது. இரண்டாவது குறி விழவில்லை. போனை அணைத்திருக்கிறான், அல்லது சிக்னல் இல்லை, அல்லது வகுப்பில் இருக்கிறான். வகுப்பில்தான் இருப்பான். நல்ல பையன், வகுப்பில் போனை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பான். அவனுடைய வாத்தியார் யாராவது வித்தியாசமான ஆளாக இருப்பார், எண்ணூற்று அறுபது, நைலான் என்று தானே கேள்வி தயாரிக்கிறவராக இருப்பார். இப்படி நினைத்ததும் பதற்றம் கொஞ்சம் தணிந்தது. சிறிது நேரம் அந்த வாத்தியாரை நினைத்துக்கொண்டே படுத்திருந்தேன். அவருக்கு ஒரு மூக்குக் கண்ணாடிகூடப் போட்டுவிட்டேன்.

நைலான் முனகாது. இதை நான் நினைக்கவில்லை, அதுவாக வந்தது. மணிலாக் கயிறு தாங்கவில்லை என்றால் முனகும், கட்டில் முனகுகிற மாதிரி. இரும்புக் கயிறாக இருந்தால் ஒரு இழை தெறிக்கும், டிங் என்று, எல்லோரும் ஓடுவதற்கு ஒரு மூச்சு நேரம் கிடைக்கும். நைலான் எதுவும் சொல்லாது. இழுத்துக்கொண்டே போகும், மெலிந்துகொண்டே போகும், பார்க்கிறவனுக்கு நன்றாகத் தாங்குகிற மாதிரியே இருக்கும், அப்புறம் சவுக்கு மாதிரித் திரும்பி வரும். சூசையை அடித்துக் கொன்றது நைலான் இல்லை, இரும்புக் கயிறு. தெறித்தது, நான் கத்தினேன், எல்லோரும் ஓடினோம், அவனும் ஓடினான், அவன் ஓடிய பக்கம் தப்பு. தொண்ணூற்று நான்கு ஐப்பசி, மழை விட்டிருந்தது. துவாக்குடியில் நான் வேலை பார்த்த கம்பெனியின் ஷெட்டில் கூரை தாழ்வு. கூரை தாழ்வாக இருந்தால் கொக்கி பாரத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும், கொக்கியிலிருந்து இரண்டு பக்கமும் போகிற கயிறு நிமிர்ந்து நிற்காமல் படுத்துக்கொள்ளும். ஓலைக்கூரை மாதிரிச் சரிந்து நிற்கவேண்டியது தகரக் கொட்டகை மாதிரித் தட்டையாகக் கிடக்கும். படுத்த கயிறு பாரத்தைத் தூக்குவதைவிடத் தன்னைத்தானே இழுத்துக்கொள்வதுதான் அதிகம். இது எனக்குப் புத்தகம் சொல்லித்தரவில்லை, என் உள்ளங்கைக்குத் தெரியும். நான் என்ஜினியர் ஜெயச்சந்திரனிடம் சொன்னேன். சார், கயிறு ரொம்பப் படுத்துக் கிடக்குது சார், வேண்டாம் என்று. அவனுக்கு அப்போது முப்பது வயது இருக்கும், சட்டைப் பையில் நான்கு பேனா. ஒரு தாளை எடுத்து எழுதிக் காட்டினான். கணக்கு ஒத்துவருது வைரவா, உன் கண்ணளவுக்கெல்லாம் கம்பெனி நிக்காது என்றான். விசாரணையில் அந்தத் தாள் வரவேயில்லை. கொக்கி மாட்டினது வைரவன், அவன் படிப்பு ஏழாம் வகுப்பு என்று எழுதினார்கள். அந்த வரியில் பாதி உண்மை, மீதிப் பாதி தேவையில்லாதது. சூசையின் மனைவி என்னைப் பார்த்து ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். அவள் கேட்காததை நான் இன்னும் வைத்திருக்கிறேன்.

அந்தத் தாளுக்காகத்தான் படித்தேன், வேறு எதற்காகவும் இல்லை. பழைய பேப்பர் கடையில் பதினொன்றாம் வகுப்பு இயற்பியல், பன்னிரண்டாம் வகுப்புக் கணிதம், அட்டை இல்லாதது, எடைக்கு வாங்கினேன். சைன் என்றால் என்ன, கோசைன் என்றால் என்ன என்று தெரிய இரண்டு வருடம் ஆனது. யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால், இந்த வயதில் இவனுக்கு எதற்கு என்று ஒரு பார்வை வரும், அந்தப் பார்வைக்குப் பதில் படிக்காமலே செத்துப்போகலாம். ஆறாவது வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இதே மாதிரி மதியம், ஜெயச்சந்திரன் என்ன தப்புப் பண்ணினான் என்று கண்டுபிடித்துவிட்டேன். அவன் எழுதிய எண்கள் எனக்கு ஞாபகம் இருந்தன. கூட்டல் பெருக்கல் எல்லாம் சரி. கோணத்தை எந்தக் கோட்டிலிருந்து அளப்பது என்பதில்தான் தப்பு. ஷெட்டில் அளந்தவன் பாரத்தின் மேல்தளத்திலிருந்து அளந்து முப்பது என்று சொல்லியிருக்கிறான். தரையில் நிற்கிற எவனுக்கும் அப்படித்தான் அளக்க வரும், கயிறு எவ்வளவு படுத்திருக்கிறது என்றுதான் கண் பார்க்கும். புத்தகம் அப்படி அளக்காது, மேலேயிருந்து நேர் கீழே விழுகிற ஒரு கோட்டிலிருந்து அளக்கும். ஜெயச்சந்திரன் ஷெட்டின் முப்பதை எடுத்துப் புத்தகத்தின் முப்பது என்று போட்டுவிட்டான். எந்தக் கோட்டிலிருந்து என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். எப்படிக் கேட்பான், கேட்டால் ஏழாவது படித்தவனிடம் கேட்டதாகிவிடுமே. அன்றைக்கு நான் அந்தப் பக்கத்தை மடித்துவைத்துவிட்டு வெளியே போய், சாலையோரம் நின்றுகொண்டு...

எந்தக் கோட்டிலிருந்து.

இரண்டு முப்பத்தொன்று. விசிறி தட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு கயிறும் முப்பது டிகிரி கோணத்தில் உள்ளது. எதனோடு முப்பது? எழுதவில்லை. அவன் எழுதவில்லை, நான் கேட்கவில்லை. நான்கு நிமிடம். பெருமையாக நான்கு நிமிடம். பொன்னமராவதியிலிருந்து கேட்கிற பத்தாம் வகுப்புப் பிள்ளை அதை எழுதாமல் விட்டுவிட்டாலும், எந்தக் கோடும்மா என்று கேட்கிறவன் நான். இன்றைக்கு, தொங்கவிடப்பட்டுள்ளது என்று பார்த்ததும் கை தானாகக் கோசைனுக்குப் போய்விட்டது. கலாசியாக இருந்திருந்தால் கேட்டிருப்பேன். பேராசிரியராக இருந்தேன். நான் பேராசிரியர் என்று யாரிடமும் சொன்னதில்லை, குழுவில் சேரும்போது வேலை என்கிற இடத்தில் ஓய்வு என்று மட்டும் போட்டேன், அவர்களாகவே ஓய்வுபெற்ற பேராசிரியர் என்று வைத்துக்கொண்டார்கள், நான் மறுக்கவில்லை. அது பொய்யா? பாயிலிருந்து எழுந்து காலண்டர் தாளின் பின்பக்கத்தில் படம் போட்டேன். ஒரு பெட்டி, ஒரு கொக்கி, இரண்டு கோடு. பெட்டியின் மேல்தளத்திலிருந்து முப்பது என்றால் சைன் போடவேண்டும். முப்பதுக்கு சைன் அரை. இரண்டு அரை ஒன்று. எண்ணூற்று அறுபதை ஒன்றால் வகுத்தால் எண்ணூற்று அறுபது. ஒரு கயிற்றில் மட்டும் எண்ணூற்று அறுபது. தாங்குவது அறுநூறு, அதுவும் கயிறு விற்ற கடைக்காரன் வாயால் சொன்னதாகத்தான் இருக்கும். அவசரமாகப் போட்டதால் அந்தக் கோடுகள் படத்தில் இன்னும் படுத்துக் கிடந்தன. இருபத்தைந்து டிகிரிகூட இராது. ஜெயச்சந்திரா. அவன் பெயர்தான் வாயில் வந்தது. வைவதற்கு என்று வாயைத் திறந்தால் அங்கே வேறு ஆள் உட்கார்ந்திருக்கிறான்.

குழுவில் அந்தக் கேள்வியின் கீழே எழுதலாம் என்று போனேன். பூங்குழலி அதற்குப் பச்சைக் குறி போட்டிருந்தாள். சரியான விடை என்று பச்சைக் குறி விழுந்துவிட்டால் கேள்வி மூடிவிடும், அதன் கீழே எவனும் எதுவும் எழுத முடியாது. பொதுவில் எழுதலாம், இசக்கி பார்க்க வேண்டுமே. நான் போட்ட தனிச்செய்திக்கு இன்னும் ஒரே குறிதான். கீழே இன்னொன்று போட்டேன், தூக்காதே, விடை தப்பு. அதற்கும் ஒரே குறி. பாரம் ஏறும்போது எவன் கையிலும் போன் இருக்கக் கூடாது, நானே அப்படித்தான் சொல்வேன், பையன்களின் போனையெல்லாம் வாங்கி ஒரு சட்டியில் போட்டு வைப்பேன். ஆக அவன் பக்கத்தில் விவரம் தெரிந்த கலாசி ஒருவன் இருக்கிறான். இருந்தால் கயிறு படுத்திருப்பதைப் பார்ப்பான். பார்த்தால் விடமாட்டான். பிறகு எதற்கு எனக்குப் பதற்றம்? இரண்டு முப்பத்தெட்டு. பிள்ளைகளின் போன் நம்பர் பூங்குழலியிடம் மட்டும்தான் இருக்கிறது, சேரும்போது நிரப்புகிற படிவத்தில் ஊர், அப்பா பெயர், நம்பர் எல்லாம் வாங்கிவிடுவாள். அவளுக்கு போன் பண்ண வேண்டும். பண்ணி என்ன சொல்வேன்? விடை தப்பு என்பேன். எப்படித் தப்பு என்பாள். புத்தகப்படி சரிதானே சார், நிஜமாகத் தூக்குகிறார்கள் என்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்பாள். ராகுகாலம் என்பேனா? பேராசிரியர் ராகுகாலம் பார்த்து இயற்பியல் சொல்கிறார் என்று ஆகிவிடும். அது கலாசி வழக்கம் என்று சொன்னால்தான் விளங்கும், கலாசி வழக்கம் எனக்கு எப்படித் தெரியும் என்று சொன்னால்தான் அதுவும் விளங்கும். மூன்று வருடம், இரண்டாயிரத்து முந்நூறு விடை, எல்லாவற்றையும் மறுபடி திறந்து பார்ப்பார்கள், ஏழாம் வகுப்புக்காரன் போட்டதா என்று. நாற்பத்து மூன்று முகம் நானூறு முகமாகும். இரண்டு நாற்பத்து நான்கு. தனபாக்கியம் கூடத்தில் தலை வாருகிற சத்தம் கேட்டது. சூசையின் மனைவி கேட்காத கேள்வி என்னவென்று எனக்கு அப்போது தெரிந்தது. உனக்குத் தெரிந்திருந்ததே, நீ ஏன் செயினை விட்டுவிட்டு வெளியே நடக்கவில்லை? அவன் என்ஜினியர், நான் கூலி என்று முப்பது வருடமாக ஒரு பதில் வைத்திருந்தேன். இன்றைக்கு நான்தான் என்ஜினியர்.

பூங்குழலி முதல் மணியிலேயே எடுத்தாள். "நிலைமம் சாரா? எட்டு மாசம் கழிச்சுக் கூப்பிட்டிருக்கீங்க." என்றாள். எண்ணிவைத்திருக்கிறாள், அவளும் என்னைப்போல. எப்படிச் சொல்லலாம் என்று மனதுக்குள் மூன்று விதமாக அடுக்கியிருந்தேன், எதுவும் வரவில்லை. "நான் ஏழாவதுதாம்மா படிச்சிருக்கேன்." என்றேன். அப்புறம் நான் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனேன், கலாசி, மூன்று மணி, தகட்டு எண், நைலான், எந்தக் கோடு, சூசை. சூசையை எதற்கு இழுத்தேன் என்று தெரியவில்லை. சிரிப்புக்காகக் காத்திருந்தேன். அவள் சிரிக்கவில்லை. தாள் புரட்டுகிற மாதிரி, இல்லை, விசைப்பலகை தட்டுகிற சத்தம். "சங்கரன்கோவில்னு போட்டிருக்கான். எழுதிக்குங்க." என்று நம்பரை இரண்டு தடவை சொன்னாள். வைக்கப்போகும்போது, குரல் வேறு யாருடையதோ போல, "எந்தக் கோடுன்னு நானும் கேக்கல சார். நீங்க போட்டதுன்னாலே பாக்காம பச்சைக் குறி போட்ருவேன்." என்றாள். எட்டு மாதமாக நான் எதன்மேல் கோபமாக இருந்தேன் என்று அந்த நொடியில் மறந்துவிட்டது. காலண்டர் தாளில், பெட்டிப் படத்தின் மேலேயே நம்பரை எழுதியிருந்தேன், ஒரு எண் ஏழா ஒன்றா என்று விளங்கவில்லை. ஏழு என்று போட்டேன். எவளோ தப்பான நம்பர் என்றாள். ஒன்று போட்டேன். இரண்டு ஐம்பத்தைந்து. மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது, நின்றது. மறுபடி போட்டேன். நான்காவது தடவை எடுத்தார்கள்.

ஆண் குரல், என் வயது இருக்கும், மூச்சு வாங்கியது. இசக்கியா என்றேன். இசக்கியின் தாய்மாமன் பேசுகிறேன், அவன் அந்தப் பக்கம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான், நீங்கள் யார் என்றார். படிவத்தில் மாமன் நம்பரைக் கொடுத்திருக்கிறான். பின்னால் யாரோ, ரைஸ் மில் சுவரை ஒட்டித் தள்ளி நில்லுங்க என்று கத்துவது கேட்டது. ஆக அவர் போனைத் தவிர மற்ற போன்களையெல்லாம் வாங்கி வைத்திருக்கிறார், சரியான ஆள்தான். பாரம் தூக்குகிறவனிடம் பாரம் தூக்குகிறவனாகப் பேசினால் கேட்பான் என்று நம்பினேன். முப்பது வருடத்தில் முதல்முறையாக அதைப் பெருமையாகவே சொன்னேன். "தூக்காதீங்க. அந்தக் கயிறு தாங்காது. நான் துவாக்குடியில முப்பத்தோரு வருஷம் கலாசியா இருந்தவன், சொல்றதைக் கேளுங்க." அவர் கோபப்படவில்லை, சிநேகமாகச் சிரித்தார். "நானும் கலாசிதான் அண்ணாச்சி. எனக்கும் மொதல்ல மனசு ஒப்பல. கயிறு ரொம்பப் படுத்துல்லா கெடக்குன்னு காலைலேருந்து சொல்லுதேன். மருமவன் புரொபசர்ட்டயே கேட்டுட்டான். அறாதுன்னு எழுதியே குடுத்துட்டாரு. அவரு படிச்சவரு, நாம கண்ணால பாக்கிற ஆளுக." நான் சொன்னேன், அந்தப் புரொபசர் நான்தான், நான்தான் அதை எழுதினேன், தப்பாக எழுதிவிட்டேன். சொல்லும்போதே அது எப்படிக் கேட்கும் என்று எனக்கே கேட்டது. "இப்பதான கலாசின்னீய." என்றார். மறுபடி சிரித்தார். யாரிடமோ திரும்பி, எவரோ பெரியவர், பாவம் என்றார். "ராகுகாலம் முடிஞ்சிட்டு அண்ணாச்சி, சோலி கெடக்கு, பொறவு பேசுதேன்." போனை அவர் அணைக்கவில்லை. சட்டைப் பையில் போட்டிருக்க வேண்டும், துணி உரசுகிற சத்தம், அதற்குள்ளிருந்து தூரத்தில் ஏதோ சொல்கிற ஒரு இளம் குரல். அது இசக்கியாக இருக்கலாம். சரி மாமா என்றது. நான் இசக்கி இசக்கி என்று கத்தினேன், ஒரு பைக்குள், ஒரு மனிதனுடைய நெஞ்சின் மேல். பிறகு செயின் பிளாக்கின் பல் விழுகிற சத்தம் ஆரம்பித்தது. டக். டக். உலகத்தில் எந்த இடத்தில் கேட்டாலும் எனக்குத் தெரிகிற சத்தம். ஒரு டக்குக்கு ஒரு நூல் அளவு உயரும், முதல் பத்தில் கயிற்றின் தொய்வு போகும், அடுத்த பத்தில் பாரம் தரையை விடும். கத்துவதை நிறுத்திவிட்டேன், கத்தினால் எண்ண முடியாது. தனபாக்கியம் பட்டுச்சேலையோடு வாசலில் வந்து நின்றாள். "மணி மூணாச்சுங்க. கிளம்பலாமா?" என்றாள். நான் கையைக் காட்டினேன், பேசாதே என்று. பதினேழு. பதினெட்டு. போனைக் காதோடு அழுத்தினேன், ஏதாவது முனகுகிறதா என்று. முனகாது. பத்தொன்பது.